வாவிக் கரையில் யாருக்கு ஓய்வு?

அன்பின் தங்கச்சிக்கு,

லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மாதர் சங்கத்துப் பெண்களை ஒரு நாள் பெரிய வாவி ஒன்றுக்குக் கூட்டிப்போக வேண்டும், எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். பசறை, ஹாலிஎலைப் பக்கத்து வாசகர்களுக்கும் உதவும் என்பதால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

தோட்டத்து ட்ரிப் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் நாள் மாலை கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்த பெண், இரவில் உட்கார்ந்து தேங்காய் துருவுவாள். விடியுமுன் எழுந்து சோறு வடித்து, சம்பல் அரைத்து, வாழையிலை வாட்டிப் பொதி கட்டுவாள். மலைப் பாதையில் பிள்ளை வாந்தி எடுத்தால் பையைப் பிடிப்பவளும் அவள்தான். போன இடத்தில் ஆண்கள் தண்ணீரில் இறங்குவார்கள், அவள் பாய் விரித்துப் பரிமாறுவாள், சட்டி கழுவுவாள். திங்கட்கிழமை பெரட்டுக்குப் போகும்போது சனிக்கிழமையை விட அதிகமாகக் களைத்திருப்பாள். இதற்கா மாதக்கணக்கில் காசு சேர்க்க வேண்டும்? அன்றைக்கு அந்தப் பெண்களின் கை சும்மா இருக்க வேண்டும். இடம், நேரம், சாப்பாடு எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் இடம். நீங்கள் எழுதியிருந்த மூன்றையும் பார்ப்போம்.

உமா ஓயாத் திட்டத்தின் டைராபா நீர்த்தேக்கம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து 15 கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம் வழியாகத் தண்ணீர் கரந்தகொல்லைக்குப் போய் 120 மெகாவாற் மின்சாரம் தருகிறது. 2024 ஏப்ரலில் திறந்தார்கள். அந்தச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றிச் சுவர்கள் வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எப்படியும் அது திட்ட வேலைக்காகக் கட்டிய இடம். பாய் விரித்து ஒரு நாள் முழுக்க உட்காருவதற்கு அது தோதுப்படாது.

இரண்டாவது, இங்கினியாகலையில் இருக்கும் சேனநாயக்க சமுத்திரம். நாட்டிலேயே பெரிய நீர்த்தேக்கம். கல்லோயாத் திட்டத்தில் கட்டியது, சுற்றியுள்ள காடு 1954 முதல் தேசியப் பூங்கா. தீவுக்குத் தீவு யானைகள் நீந்திப் போவதைப் படகிலிருந்து பார்க்கலாம். காலைப் படகுதான் நல்லது, அதற்கு முதல் நாளே போய்த் தங்க வேண்டும். ஆளுக்கு நுழைவுச் சீட்டு, படகுக்குத் தனிக் கட்டணம் என்று நாற்பது பேருக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். இன்னொன்றும் இருக்கிறது. 1956 ஜூனில் கல்லோயாக் குடியேற்றத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த மூத்த பெண்கள் யாராவது தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். சிறு குடும்பமாக, கையில் காசோடு போகிறவர்களுக்கு அது அருமையான இடம்.

மூன்றாவது, மஹியங்கனைச் சொரபொர வாவி. உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். துட்டகைமுனு காலத்தில் புலத்தா என்ற ஒரு வீரன் கட்டியதாகக் கர்ண பரம்பரைக் கதை. கதை எப்படியோ, அதன் மதகைக் கட்டாயம் பாருங்கள். செங்கல்லோ சீமெந்தோ இல்லை, இயற்கையான பாறையையே குடைந்து தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறார்கள். பாறையின் இரு பக்கமும் சுவர் மாதிரி நிற்க, நடுவே வாய்க்கால் ஓடுகிறது. கரையில் நிழல் உண்டு, டவுன் பக்கத்தில் என்பதால் கடையும் உண்டு, படகுக்கும் ஆள் கிடைக்கும்.

பாதைக்கு வருவோம். பதுளைக்குப் போய்ச் சுற்ற வேண்டாம். லுணுகலையிலிருந்து பிபிலைக்கு இறங்கி, ஊரணிய ஊடாக மஹியங்கனைக்குப் போங்கள். 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்த பசறை 13ஆம் கட்டையை இப்படிப் போனால் தொட வேண்டியதில்லை. 2025 செப்டெம்பரில் சுற்றுலா முடிந்து இரவில் திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ், எல்ல – வெல்லவாய வீதியில் விழுந்து பலர் மாண்டதும் நினைவிருக்கட்டும். பஸ்ஸைப் பேசும்போது பாட்டுப் பெட்டி எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன், பிரேக் எப்போது பார்த்தது, முதல் நாள் இரவு சாரதி தூங்கினாரா என்று கேளுங்கள். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிடுங்கள். இருட்டினால் அந்தப் பக்கம் யானையும் வீதிக்கு வரும்.

மாதம், பெப்ரவரி. வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்து வாவி நிரம்பியிருக்கும், மண் சரியும் பயமும் குறைந்திருக்கும். கோயில் திருவிழாச் செலவும் தொடங்கியிராது. ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள், யாருக்கும் ஒரு நாள் பேர் கூடக் குறையக் கூடாது. போயா தினம் வேண்டாம், மஹியங்கனை விகாரைக்கு வரும் கூட்டத்தில் பஸ் நிறுத்த இடம் கிடைக்காது.

சாப்பாட்டை மஹியங்கனைக் கடை ஒன்றில் முதல் வாரமே சொல்லி வையுங்கள். மரக்கறிச் சோறும் கொஞ்சம் பொரித்த மீனும் போதும். வழியில் சட்டித் தயிரும் கித்துள் பாணியும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்தால் மலிவு என்று யாராவது சொல்வார்கள். ராத்திரி முழுக்க விழித்துச் சமைக்கிறவளின் தூக்கத்துக்குக் கணக்கில் விலை போடாததால்தான் அது மலிவு. கூடுதல் காசுக்கு இப்போதே சீட்டு மாதிரி மாதாமாதம் சேர்க்கத் தொடங்குங்கள்.

கழிப்பறையை மறக்க வேண்டாம். மலையில் நாள் முழுக்க அடக்கிப் பழகியவர்கள் நம் பெண்கள், தாங்களாகக் கேட்க மாட்டார்கள். வழியில் கழிப்பறை கிடைக்காதோ என்று அஞ்சித் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். மஹியங்கனை வெயில் லுணுகலை வெயில் இல்லை, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மயங்கி விழுவார்கள். பிபிலையில் ஒரு தடவை, மஹியங்கனையில் ஒரு தடவை என்று பஸ்ஸை நிறுத்துங்கள். ஏறும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். நாம் ஓடைக்கும் பீலிக்கும் பழகியவர்கள். வாவி அசையாமல் கிடக்கும், ஆழம் தெரியாது, காலடியில் சேறும் தாமரைக் கொடியும் இருக்கும். கீழ்நாட்டு வாவிகளில் முதலையும் உண்டு. குளிப்பு வேண்டாம், படகு போதும். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஒருத்தரையும் ஏற்றாதீர்கள். கூட வரும் ஆண்களிடம் போத்தல் பஸ்ஸில் ஏறாது என்று புறப்படுமுன்பே பேசி முடியுங்கள். சமையல் இல்லாததால் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை மட்டும் மிஞ்சும், அதை அந்த ஆண்கள் தலையில் கட்டுங்கள். ஆளுக்கு நான்கு பிள்ளைகள் என்று பெயரெழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

நான் சொன்னதையெல்லாம் அப்படியே தீர்மானமாக்கி வாசிக்காதீர்கள். அடுத்த கூட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களை முதலில் பேச விடுங்கள். வாவி வேண்டாம், பதுளைக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர்கள் சொன்னால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் படத்துக்கே கூட்டிப்போங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்