இரண்டு புள்ளி குறைந்த வீட்டுக்கு

தாழ்வுபாடு,
மன்னார்.

அன்புள்ள மருமகளுக்கு,

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்த அன்று நீ போன் எடுத்தபோது பாதி நேரம் அழுகையில் போய்விட்டது. பேரனுக்கு வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி காணாது என்றாய். நான் சொன்ன ஆறுதல் எதுவும் உன் காதில் ஏறவில்லை. ஐந்தாம் தரம் படிப்பித்தே ஓய்வுக்குப் போனவன் நான். அந்தப் புள்ளி எப்படிப் பிறக்கிறது என்று எழுதினால் உனக்கு உதவும் என்று தோன்றியது.

இவ்வளவு தெரிந்தால்தான் கெட்டிக்காரன் என்று யாரோ முன்கூட்டியே கோடு கீறி வைத்ததாக நீ நினைக்கிறாய். அப்படி ஒரு கோடும் இருக்கிறது: 200க்கு 70. எழுதுகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதைத் தாண்டிவிடுகிறார்கள், உன் மகனும் நன்றாகவே தாண்டியிருக்கிறான். வெட்டுப்புள்ளி வேறு சாமான். விடைத்தாள் திருத்தி முடிந்த பிறகு மாவட்டம் மாவட்டமாக, சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம் என்று பிரித்து அறிவிக்கிறார்கள். அந்த வருடம் எடுக்கக்கூடிய தொகைக்குள் கடைசியாக நிற்கிற பிள்ளை எத்தனை எடுத்ததோ, அதுதான் வெட்டுப்புள்ளி. நாடு முழுக்க 3 இலட்சம் பிள்ளைகள் எழுதினால் 50,000 சொச்சம் பேர் அதற்கு மேலே வருவார்கள். ஆவணி மடுத் திருவிழாவுக்குப் போகிற பஸ்ஸில் இடம் கிடைக்காதவனைப் பக்தி குறைந்தவன் என்று நீ சொல்வாயா?

2024இல் நடந்ததைக் கேள். செப்டெம்பரில் நடந்த பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி கொடுக்கும்படி டிசெம்பர் 31இல் தீர்ப்பு வந்தது. எல்லோருக்கும் சமம் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் பார். மூன்றுக்கும் தானாகவே சரியாக எழுதிய பிள்ளைக்கு இதனால் ஒரு புள்ளியும் கூடவில்லை. பிழை விட்ட பிள்ளைக்குத்தான் கூடியது. எல்லையில் நின்ற பிள்ளைகளில் யார் மேலே, யார் கீழே என்பது இதனாலேயே மாறியிருக்கும். இதில் எந்தப் பிள்ளையின் மூளை வளர்ந்தது, எது தேய்ந்தது?

மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டினாலும் வேலை முடியாது. பெரிய பாடசாலைகளுக்குக் கல்வி அமைச்சு தனித்தனியாக வேறு வெட்டுப்புள்ளி போடும். அந்தப் பாடசாலை தன் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளை ஆறாம் தரத்துக்கு ஏற்றிவிட்டு மிச்சம் எத்தனை இடம், அதற்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதில்தான் அது தங்கியிருக்கிறது. மாதாந்த உதவிப்பணமும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும்தான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 750 ரூபாவிலிருந்து 1,500 ஆக்கினார்கள். ரியூசன் காசுக்கே அது காணாது. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவின் காலத்தில் நினைத்தது ஏழைக் கிராமத்துப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குக் கொண்டு வருவதை. இன்று மூன்றாம் தரத்திலேயே ரியூசனுக்கு அனுப்ப முடிந்த வீடுகளுக்குத்தான் இந்தப் பரீட்சை வசதி. மீன் வாடியில் தாயோடு கருவாடு புரட்டிப்போடுகிற பிள்ளையும் அதே வினாத்தாளைத்தான் எழுதுகிறது.

வெட்டுப்புள்ளி என்றாலே என் வயதுக்காரருக்கு வயிறு எரியும். 1970இல் பொறியியல் பீடத்துக்குத் தமிழில் எழுதியவனுக்கு 250 வேண்டும், சிங்களத்தில் எழுதியவனுக்கு 227 போதும். அது அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் 1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது எங்கள் மன்னார் மாதிரிப் பின்தங்கிய இடங்களுக்கும் ஒரு கதவு திறந்தது. (இதை என் யாழ்ப்பாணத்துச் சம்பந்திமார் முன்னால் சொல்லிவிடாதே.) இன்றைக்கும் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் மன்னாரும் ஒன்று. நீ கவலைப்பட வேண்டிய வாசல் அங்கே, உயர்தரத்தில் இருக்கிறது. அதற்கு இன்னும் எட்டு வருடம் கிடக்கிறது.

மீளாய்வுக்கு விண்ணப்பிக்க ஆசையென்றால் முடிவுத் திகதிக்கு முன் போடு. பேரனுக்கு மட்டும் அதைச் சொல்லிக் காத்திருக்க வைக்காதே. பாடசாலை வாசலில் பதாகை கட்டுகிறார்கள், பக்கத்து வீட்டில் கேக் வெட்டுகிறார்கள் என்று அவனை உள்ளே பூட்டி வைக்கவும் வேண்டாம். “எத்தினை எடுத்தனி?” என்று யாரும் கேட்டால் புள்ளியைச் சொல்லட்டும். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

போன தவணை அவனுடைய மாதிரி வினாத்தாளைப் பார்த்தேன். கிழமை நாள் கணக்கு ஒன்றில், கேள்வியின் கடைசி வரியை வாசிக்காமலே முதல் விடையில் கீறியிருந்தான். அதே கேள்வியை உரத்து வாசிக்கச் சொன்னேன், சரியாகச் செய்தான். அவசரம்தான் அவனுக்குக் குறை. இரவில் பத்து நிமிடம் பத்திரிகைச் செய்தி ஒன்றை உனக்கு வாசித்துக் காட்டச் சொல். கடைசி வரி வரைக்கும்.

அவனை விடுதியில் விடுகிற உன் யோசனையை நிறுத்து. பத்து வயதுப் பிள்ளை. பேசாலை பற்றிமா பாடசாலையில் ஆறாம் தரத்துக்குச் சேர்த்துவிட்டு, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறார்களா என்று அதிபரிடம் நேரே கேள். இல்லையென்றால் எனக்கு எழுது. சனிக்கிழமைகளில் நான் பஸ் ஏறி வருகிறேன்.

அன்புடன்,
மாமா