ரூபாய்க்குப் பத்துப் பைசா

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நம் ஊர் நூலகத்தில் வார இதழ்களை நிறுத்திவிட்டார்கள், நாளிதழ் இரண்டாகக் குறைந்துவிட்டது, கேட்டால் "ஃபண்டு வரலைம்மா" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். முதலமைச்சருக்கு மனுப் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. அதற்கு முன் அம்மா பீரோவில் வைத்திருக்கும் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்.

அதில் 'நூலக வரி' என்று தனியாக ஒரு தொகை இருக்கும். வீட்டு வரி 220 ரூபாய் என்றால் நூலக வரி 22. ரூபாய்க்குப் பத்துப் பைசா. இந்த வரிக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார்: சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகம் யார் தயவையும் நம்பி நிற்கக் கூடாது, அதற்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டார். அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். நூலக வரி அதில் பிறந்தது.

ஆகவே, உதவி கேட்கிற குரலில் எழுதாதே. நம் வீட்டிலிருந்து போன பணத்துக்குத்தான் கணக்குக் கேட்கிறாய். ஊராட்சியும் நகராட்சியும் இந்த வரியை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல். தெருவிளக்குக்குக் கரன்ட் பில், குடிநீர் மோட்டார் ரிப்பேர் என்று செலவு கழுத்தைப் பிடிக்கும்போது கைக்கு எட்டுகிற பணம் இது. நிலுவை ஏறிக்கொண்டே போகும். நூலகத்துக்குப் பணத்தைக் குறைத்துவிட்டோம் என்று எந்தத் தலைவரும் அறிவிக்க மாட்டார். சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும்.

பணம் குறைந்தால் சம்பளத்தை நிறுத்த முடியாது, மின்கட்டணத்தை நிறுத்த முடியாது. புதுப் புத்தகம் வாங்குவதுதான் முதலில் நிற்கும். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ரங்கநாதன் வகுத்த நூலக விதிகளில் ஐந்தாவது. வளர்ச்சி நின்றால் என்ன ஆகும் என்பதைப் பொங்கலுக்கு ஊர் வந்தபோது பார்த்தேன். போட்டித் தேர்வு அலமாரியில் ஒரு பொது அறிவுப் புத்தகம். முதுகில் பழுப்பேறிய டேப். வரைபடத்தில் தெலங்கானா இல்லை. அப்படியென்றால் 2014க்கு முந்தைய பதிப்பு. பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் அதே வரிசையிலிருந்து இன்னொரு பழைய புத்தகத்தை எடுத்து வைத்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். கடையில் புதிய பதிப்பு வாங்க முடிந்தவள் அங்கு ஏன் வரப்போகிறாள்? அவளோடு மோதப்போகிறவர்களின் கையில் இந்த ஆண்டுப் பதிப்பு இருக்கும். எனக்கு மனசே ஆறவில்லை கயல்.

இனி நீ செய்ய வேண்டியது. நூலகத்துக்குள் போகும்போதெல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடு. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கும் பிள்ளைகள் பலர் போடுவதில்லை. ஆளே வருவதில்லையே என்று நாளைக்கு யாராவது சொல்ல அந்த வெற்றுப் பக்கங்கள் போதும். அடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுது. கடந்த மூன்று ஆண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு. மூன்றே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும்.

அந்தப் பதிலோடு கிராம சபைக்குப் போ. வாக்காளர் பட்டியலில் உன் பெயர் வந்துவிட்டது, பேச உனக்கு உரிமை உண்டு. தலைவரிடம் மரியாதையாகவே பேசு. அவருக்கும் நெருக்கடி இருக்கிறது. ஆனால் நிலுவையை எந்தத் தேதிக்குள் கட்டுவார்கள் என்பது தீர்மானப் புத்தகத்தில் ஏறாமல் எழுந்து வராதே. சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு பக்கத்தில் கடிதம் எழுது. பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கையின்போது நம் நூலகத்தைப் பற்றிப் பேசச் சொல். 'அறிவுக் கோயில்' மாதிரி அலங்காரம் வேண்டாம். தெலங்கானா இல்லாத அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுது.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பாய். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இன்றும் அது நூலகமாகவே இருக்கிறது. நம் ஊர் நூலகத்துக்காக வழக்குப் போட யாரும் சென்னையிலிருந்து வர மாட்டார்கள். நீதான் கேட்க வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு நானும் வருகிறேன். ரசீதை ஜெராக்ஸ் எடுத்து வை.

அன்புடன்,
மாமா