வாசச் சாமானும் விதையும்: சில கைவசக் குறிப்புகள்

மொன்ட்ரியால்-நோரில் மே நடுப்பகுதி வரைக்கும் உறைபனிப் பயம். வெளியில் எதையும் நம்பி விதைக்க ஏலாது. அதுவரை உங்கட விதைப் பொட்டலங்கள் குசினியில் எதோடு குடித்தனம் நடத்துகின்றன என்று ஒருக்கால் பாருங்கோ.

1. விதைகளை ஓமம், கராம்பு டப்பாக்களோடு அடைத்து வைக்காதேங்கோ. ஓமத்தில் தைமோல், கராம்பில் யூஜினோல் என்று முளையை அடக்கும் எண்ணெய்ச் சத்துகள் இருக்கின்றன. கழுவிக் காயவைத்த ஜாம் போத்தலில் போட்டு பிரிட்ஜில் வைத்தால் அடுத்த வருசமும் உதவும்.

2. நம்பிக்கை இல்லையோ? இரண்டு டப்பாவில் ஈரக் காகிதம் விரித்துக் கடுகு தூவி, ஒன்றின் மூடியில் மட்டும் இடித்த ஓமத்தைத் துணியில் முடிந்து ஒட்டி, இரண்டையும் மூடுங்கோ. வெறும் டப்பாவில் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். ஓமப் பக்கம் அநேகமாகப் பின்தங்கும். பிள்ளைகளுக்கும் நல்ல பொழுதுபோக்கு.

3. மல்லி விதைப் பைக்கற்றுக்குக் காசு கொட்ட வேண்டாம், பார்க் எக்ஸ்டென்ஷன் கடையில் வாங்கும் முழு மல்லியே பெரும்பாலும் முளைக்கும். ஒரு மல்லிக்குள் இரண்டு விதை. போத்தலை மேலே உருட்டி இரண்டாகப் பிரித்து, இரவு ஊறவைத்து, அந்த வாசத் தண்ணியைக் கொட்டிவிட்டு விதையுங்கோ. (வறுத்த மல்லியை எடுத்துவிடாதேங்கோ!)

4. முளையை அடக்கும் இந்த வாசக் குணம், சேமிக்கும் உருளைக்கிழங்குக்கு வரப்பிரசாதம். கேரவே விதையிலிருந்து எடுக்கும் கார்வோன் என்ற எண்ணெய்ச் சத்தை நெதர்லாந்தில் கிழங்கு முளைக்காமலிருக்கப் பாவித்தார்கள். அந்தீஸ் மலைக்காரர் முன்யா என்ற வாச இலையைக் கிழங்கோடு போட்டு வைப்பார்கள். நாங்கள் பஞ்சில் இரண்டு சொட்டுக் கராம்பெண்ணெய் விட்டு, சின்னக் கிண்ணத்தில் வைத்து, கிழங்கில் படாமல் பெட்டிக்குள் வைக்கலாம். வாசம் போனதும் மாற்றுங்கோ. நடுவதற்கு வைத்த கிழங்கை மட்டும் தள்ளி வையுங்கோ.

5. நாற்றுத் தட்டில் பூஞ்சணம் கண்டால் வாசனை எண்ணெய் தெளிக்காதேங்கோ. கராம்பெண்ணெய் களைக்கொல்லிகளிலேயே சேர்கிறது, பிஞ்சு நாற்று என்ன பாடுபடும்! தண்ணியைக் குறைத்து, மூடியைத் திறந்து காற்றாட விட்டால் போதும்.

6. புதினா, கற்பூரவள்ளி, ரோஸ்மேரிக்கு விதை தேடி அலையாதேங்கோ. கிள்ளிய தண்டே வேர்விடும்.

7. ஆனால் வாசம் அடக்கிவிடும் என்று பல்கனியில் துளசிக்குப் பக்கத்தில் தக்காளி வைக்கப் பயம் வேண்டாம். 1964இல் கலிபோர்னியாவில் வாசச் செடிகளைச் சுற்றிப் புல் முளைக்காததற்கு அவற்றின் கற்பூர ஆவிதான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். 1970இல் இன்னொருவர் வலை போட்டு அடைத்துப் பார்த்தபோது புல்லைத் தின்றது எலியும் முயலும் என்று தெரிந்தது. திறந்த வெளியில் வாசம் காற்றோடு போய்விடும்; பூட்டிய டப்பாவில்தான் கவனம்.

8. கறிவேப்பிலைப் பழம் கிடைத்தால் அன்றைக்கே சதையைக் கழுவி நட்டுவிடுங்கோ. காயவிட்டால் முளைக்கும் சக்தி கெதியாய்ப் போய்விடும். குளிரில் கறிவேப்பிலைச் செடி யன்னலோரத்துப் பிள்ளைதான்.