வெறுங்காலுக்கு ஒரு கட்டு

வண்ணார்பேட்டையில் எனக்கு ஒரு பிசியோதெரபி கிளினிக். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டில்கள் காலியாகக் கிடக்கும் என்பதால் அந்த நேரத்தை மாணவர்களுக்கு விட்டுவிடுவேன். பி.பி.டி. படித்துவிட்டு ஆறு மாத இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறவர்கள் வருவார்கள். உடற்கல்வி படிக்கிற சிலரும் சேர்ந்துகொள்வார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களின் காயத்தைக் கவனிக்கவென்றே அத்லெடிக் ட்ரெய்னிங் என்று தனிப்படிப்பு உண்டு. நம்மூர் மைதானத்தில் யார் பையில் டேப் இருக்கிறதோ அவர்தான் ட்ரெய்னர். பாதி நேரம் அது பி.டி. சாராகத்தான் இருக்கும்.

டேப் போடத் தெரியுமா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். வீடியோ பார்த்திருப்பார்கள். கணுக்காலைச் சுருக்கமில்லாமல் சுற்றி முடித்து, செல்போனில் படமும் எடுத்துக்கொள்வார்கள். நான் அந்தப் படத்துக்கு மார்க் போடுவதில்லை. ஒருவர் காலுக்கு இன்னொருவர் டேப் போட்டு, அப்படியே பாளையங்கோட்டை மைதானத்தில் இருபது நிமிடம் ஓடிவிட்டு வரவேண்டும். அதன்பிறகுதான் பார்ப்பேன். பத்து நிமிடக் கடும் பயிற்சியிலேயே டேப்பின் பிடிமானத்தில் சுமார் 40 சதவீதம் போய்விடுகிறது என்று 1962-லேயே அமெரிக்காவில் ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. நம் வெயிலும் வேர்வையும் அதற்கு மேல். திரும்பி வரும்போது ஒருவனுக்குக் குதிகாலில் கொப்புளம் இருக்கும். இன்னொருத்தி, "சார், வெரலு மரத்துப்போச்சு" என்பாள். அந்தக் கட்டைப் போட்டவன் பக்கத்திலேயே நிற்பான். நான் திட்டவேண்டிய தேவையே இருக்காது.

முதல் வாரம் டேப்பைத் தொடவிடமாட்டேன். ஒரு கணுக்காலுக்கே பாதி ரோலுக்கு மேல் போய்விடும், கட்டுப்படியாகாது. பழைய சுருள் பேண்டேஜில் எட்டுப் போடுவதும் குதிகாலைப் பூட்டுவதும் கைக்குப் பழகட்டும். கூடவே ஒரு துண்டு. டேப் போடுகிறவனின் கண் டேப்பிலேயே இருப்பதால் பாதம் மெல்லத் தொங்கிவிடும்; தொங்கிய பாதத்தில் போட்ட கட்டு, எழுந்து நின்றதும் வேறு கட்டாகிவிடும். கட்டில் நுனியில் உட்கார்ந்திருப்பவரின் பாதத்தடியில் துண்டைக் கொடுத்து, இரு முனையையும் அவரையே இழுத்துப் பிடிக்கச் சொன்னால் பாதம் செங்குத்தாக நிற்கும். துண்டு உள்ளங்கால் முன்பகுதியில் மட்டும் இருக்கவேண்டும், குதிகால் நமக்கு வேண்டும்.

பெரும்பாலும் பாதம் உள்பக்கமாக மடங்கித்தான் வெளிப்பக்க ஜவ்வு அடிவாங்குகிறது. ஆகவே பட்டை உள்பக்கக் கணுவுக்கு மேலே தொடங்கி, குதிகாலுக்கு அடியில் போய், வெளிப்பக்கமாக மேலே இழுபடவேண்டும். திசை மாறினால் எந்தப் பக்கம் மடங்கக்கூடாதோ அந்தப் பக்கமே காலை இழுத்துவிடுகிறோம். முடிந்ததும் கால் நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் எவ்வளவு அழகான கட்டென்றாலும் வெட்டு.

இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது வெறுங்கால். படங்களில் இருக்கிற கால்கள் எல்லாம் ஷூவுக்குள் போகிறவை. இங்கே கோயில் கொடைக்கு நடக்கிற கபடி, ராத்திரி லைட் வெளிச்சத்தில், மண் தரையில். தாமிரபரணிப் பக்கத்துக்குக் கபடி புதிதல்ல. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிற மணத்தி ஊர்க்காரர் மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, மறு ஆண்டு அர்ஜுனா விருதும் வாங்கியவர். அந்த மண் ஆட்டத்துக்கு உள்ளங்கால் முழுக்க டேப் சுற்றி அனுப்பினால், ரெய்டு போகிறவன் திரும்புகிற இடத்தில் வழுக்குவான். கால்விரல்களும் அவற்றுக்குக் கீழே இருக்கிற மேடும் திறந்தே இருக்கட்டும். குதிகாலுக்கு அடியில் போகிற பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், கடைசியில் நீளும் ஒட்டுப் பேண்டேஜ் ஒரு சுற்றுப் போட்டு ஓரங்களை மூடிவிடுங்கள். ஓரம் திறந்திருந்தால் மண் உள்ளே ஏறி, இடைவேளைக்குள் கட்டு உரிந்து தொங்கும். ஐந்து நிமிட இடைவேளைதான் என்றாலும் காலைத் தொட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

இன்னொரு எதிரி எண்ணெய். சுளுக்கு என்றதும் பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்திருப்பாள், இல்லை சுளுக்கு எடுக்கிறவரிடம் போயிருப்பான். அதன்மேல் எந்த டேப்பும் நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் தடவி, அது உலரும்வரை காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் மாணவர்களுக்கு வருவதில்லை. பாட்டியைக் கேலி செய்யவும் விடமாட்டேன்; அடுத்த வாரம் பையனை நம்மிடம் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவள் அவள்தான்.

நான் அதிக நேரம் செலவிடுவது டேப் போடமாட்டேன் என்று சொல்லப் பழக்குவதற்கு. ஒருவனைக் கேப்டனாக நடிக்கச் சொல்வேன். "சார், ஃபைனலு, சும்மா ஒரு கட்டு மட்டும் போட்டுவிடுங்க, அவன் பாத்துக்கிடுவான்" என்று அவன் நெருக்கவேண்டும். எதிரில் இருப்பவர் மறுக்கவேண்டும், வெறும் வாயால் அல்ல, காரணத்தோடு. 1992-ல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த விதி அதற்குக் கைகொடுக்கும். இரண்டு கணு எலும்புகளிலும் நுனியையும், பின்விளிம்பில் கீழ் ஆறு சென்டிமீட்டரையும் அழுத்திப் பார்க்கவேண்டும். சுண்டுவிரலுக்கு நேரே பாத ஓரத்தில் துருத்தும் எலும்பையும், உள்பக்க நடுப்பாத எலும்பையும் அப்படியே. அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் சரி, இப்போதும் சரி, நாலு எட்டு வைக்க முடியவில்லையா? அப்படியானால் எக்ஸ்ரே எடுக்காமல் டேப் கிடையாது. நடிப்பு என்று தெரிந்தே பாதிப்பேர் கேப்டனிடம் இளகிவிடுவார்கள். பல வாரம் ஆகும்.

கலர் டேப் வேண்டும் என்று கேட்காத பையன் இல்லை. ஜப்பானியர் கென்சோ காசே 1970-களில் கொண்டுவந்தது அது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உலகம் பார்த்தது. 2014-ல் ப்ரோ கபடி வந்தபின் நம் பையன்களும் டிவியில் பார்த்தார்கள். அது நீள்கிற டேப். வலி கொஞ்சம் குறைந்ததுபோல் சிலருக்கு இருக்கும். மடங்கப்போகிற மூட்டை அது பிடித்து நிறுத்தாது. நான் போட்டுவிடுவதுண்டு, ஆனால் வெள்ளை டேப்பின் வேலையை அதற்குக் கொடுப்பதில்லை.

விரலுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து, நடுமூட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இடையில் கொஞ்சம் காஸ் துணி, வேர்வைக்கு.

கழற்றுவதையும் வகுப்பாகவே எடுக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் ஆற்றில் குளித்துவிட்டு ஈரக் கட்டோடு தூங்கிவிடுவார்கள். மறுநாள் தோல் ஊறி அரிக்கும். மழுங்கிய முனைக் கத்தரியால் உள்பக்கக் கணுவுக்குப் பின்னால் வெட்டி, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, டேப்பை மேல்நோக்கித் தூக்காமல் தோலோடு ஒட்டினாற்போல் மடித்து இழுக்கவேண்டும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய். மறுநாளும் ஆட்டம் இருந்தால் அந்த எண்ணெயை ராத்திரியே சோப்புப் போட்டுக் கழுவிவிடச் சொல்லுங்கள். மிச்ச ரோலைப் பைக் டிக்கியில் போட்டுவைக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் நின்றாலே பசை இளகி, பிரிக்கும்போது தாறுமாறாகக் கிழியும்.