பந்தயமும் பரிகாசமும்
(வாலிபர் வகுப்பிற்குரிய பாடம்)



செகந்திராபாத் கண்டோன்மெண்டைச் சார்ந்த போவன்பள்ளியில் சென்ற கோடையில் சிறுவர் கால்பந்துப் பந்தயங்கள் நடைபெற்றன. நம் சங்கத்துப் பிள்ளைகளும் ஒரு குழுவாகக் கூடி ஆடினர். ஒருநாள் மாலை மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் அவர்கள் வெற்றி பெற்றனர். மைதானத்து ஓரத்தில் நின்று அதனைக் கண்ட நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அம்மகிழ்ச்சி வீடு வந்து சேரும் வரையிலும் நிலைக்கவில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

எதிர்க் குழுவின் கோலைக் காத்து நின்றவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். மெல்ல உருண்டு வந்த பந்தொன்று அவன் கால்களினிடையே புகுந்து கோலாயிற்று. அவனுடைய தந்தையார் போவன்பள்ளிக் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமந்து பிழைப்பவர். இது நம் பிள்ளைகள் அறிந்த செய்தி. உடனே ஒருவன், "அப்பன் தோளில் மூட்டை நிற்குது, மகன் கையில் பந்து நிற்கலையே!" என்று கூவினான். மற்றவர்கள் கைதட்டி அதனையே பாட்டாக்கினர். சுற்றி நின்ற பெரியவர்களும் சிரித்தனர். உண்மையை மறைப்பானேன்? நாமும் ஒரு கணம் புன்னகை செய்தோம். ஆட்டம் முடிந்த பின்னும் அப்பாட்டு அச்சிறுவனைத் தெருமுனை வரையில் பின்தொடர்ந்தது. மறுநாள் முதல் அவன் மைதானத்திற்கு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதுபற்றி வினவினோம். பிள்ளைகள் கூறிய விடை யாதெனில்: "ஐயா! எல்லா மைதானத்திலும் இப்படித்தான். நாங்கள் தோற்றால் அவர்களும் எங்களைப் பாடுவார்கள். விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும்." இவ்விடையில் ஒரு பகுதி நியாயமும் உண்டு. ஆகலின் அதனைத் தள்ளிவிடாமல், பகுத்துப் பார்ப்போமாக.

போட்டி குற்றமாகுமோ?

ஆகாது. எதிர்த்து நிற்பவன் இல்லையேல் ஆட்டமே இல்லை. வலிமையுள்ள எதிராளி நம் குறைகளை நமக்குக் காட்டித் தருகிறான். அவ்வகையில் அவன் நமக்கு ஆசிரியனும் ஆவான். வெல்ல வேண்டும் என்று முயல்வதும், வென்றபோது துள்ளிக் குதிப்பதும் இளமையின் இயல்பு. அவற்றைக் கண்டிக்க நாம் வரவில்லை.

குற்றம் தொடங்கும் இடம் வேறு. "பந்தை விட்டுவிட்டாய்" என்பது ஒரு செயலைப் பற்றிய சொல். இன்று விட்டவன் நாளை பிடிப்பான். செயல் திருத்தத்தக்கது. "மூட்டை சுமப்பவன் மகன்" என்பதோ ஆளைப் பற்றிய சொல்; அவன் பிறப்பையும் அவன் தந்தையின் உழைப்பையும் பற்றிய சொல். அதனை அச்சிறுவன் எத்தனை நாள் பயின்று திருத்திக்கொள்வான்? பந்தை விட்டு ஆளின் மேல் பாய்கிற சொல் எதுவோ, அது போட்டியின் எல்லையைக் கடந்த சொல் என்று அறிக.

நல்வாய்மை என்னும் அங்கத்தை விளக்குமிடத்து, பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு ஆகிய நான்கும் விலக்கத்தக்கவை என்று படித்திருக்கிறோம். பரிகாசத்தில் இந்நான்கும் ஒருங்கே கூடி நிற்பதைக் காண்மின். உள்ளதைப் பெரிதாக்கிச் சொல்லுதலால் அதிற் பொய் உண்டு. ஒருவனை மற்றவரிடமிருந்து பிரித்து நிறுத்துதலால் கோள் உண்டு. புண்படுத்துதலால் கடுமை உண்டு. ஒருவருக்கும் நன்மை தாராமையால் வீணும் ஆயிற்று. சிரிப்பு என்னும் போர்வை போர்த்து வருவதால் மட்டுமே அது நமக்குத் தீங்காகத் தோன்றுவதில்லை.

சொல்லின் ஆயுள்

ஆட்டத்தின் ஆயுள் ஒரு மணி நேரம், அல்லது ஒன்றரை மணி நேரம். ஆட்டத்திலே பிறந்த ஏளனத்தின் ஆயுள் எவ்வளவு?

1950ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், பிரேசில் நாட்டு ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பையை முடிவு செய்த ஆட்டம் நடந்தது. உருகுவே இரண்டு, பிரேசில் ஒன்று என முடிந்தது. உருகுவேயின் இரண்டாவது கோலைத் தடுக்கத் தவறியவர் மொவாசிர் பார்போசா என்னும் கறுப்பின வீரர். பதினொருவர் ஆடித் தோற்ற ஆட்டத்தின் பழியை நாட்டார் அவ்வொருவர் தலையில் ஏற்றினர். அவர் 2000ஆம் ஆண்டில் இறக்கும் வரையிலும் அப்பழி நீங்கவில்லை. தம் நாட்டுச் சட்டத்தில் மிகப் பெருங்குற்றத்திற்கும் முப்பது ஆண்டே தண்டனை, தமக்கோ ஐம்பது ஆண்டுத் தண்டனை என்று அவர் முதுமையில் வருந்திக் கூறியதாக அறிகிறோம்.

அயல்நாட்டுக் கதையோடு நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையாளர் ஆகமாட்டோம். இளமையில் நாம் ஓர் ஆலையில் நூற்புப் பிரிவில் வேலை செய்து வந்தோம். ஓய்வு நாட்களில் தொழிலாளர் இரு பிரிவாகப் பிரிந்து பந்தாடுவோம். நம்முடன் வேலை பார்த்த ஒருவர் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல்களை இழந்தவர். ஓட்டத்தில் பின்தங்குபவர் ஆதலால் அவரைக் கோலில் நிறுத்துவது வழக்கம். ஒருநாள் அவர் பிடித்த பந்து கை நழுவிக் கோலாயிற்று. அன்று அவரை "எட்டு விரல்" என்று முதன்முதல் அழைத்த வாய் நம்முடைய வாயே. அன்று எல்லோரும் சிரித்தனர், அவரும் சிரித்தார். அச்சிரிப்பை நாம் சம்மதம் என்று எண்ணிவிட்டோம். பெயர் நிலைத்துவிட்டது. ஆலையில் நிலைத்தது, தெருவில் நிலைத்தது, அவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரையில் சென்றது. பல ஆண்டுகள் கழித்து அவர் காலமானபோது, "எட்டு விரல் போய்விட்டாராம்" என்றே நமக்குச் செய்தி வந்தது. நூல் அறுந்தால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிணைத்துவிடும் பயிற்சி நம் கைகளுக்கு இருந்தது. இதனைப் பிணைக்க நம்மால் இயலவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டிய மனிதர் இல்லை. போவன்பள்ளிச் சிறுவன் தலை கவிழ்ந்து நடந்தபோது நம் கண்முன் வந்து நின்றவர் அவரே.

பகவான் காட்டிய வழி

இராசகிருக நகரத்து மூங்கில் வனத்தில் பகவான் எழுந்தருளியிருந்த காலத்தில், பாரத்துவாச குலத்துப் பிராமணன் ஒருவன் சினத்தோடு வந்தான். தன் குலத்தான் ஒருவன் பகவானிடம் துறவு பூண்டது அவனுக்குப் பொறுக்கவில்லை. வாயில் வந்த வசைகளையெல்லாம் கொட்டினான். பகவான் அமைதியாகக் கேட்டிருந்து, "உன் வீட்டிற்கு விருந்தினர் வருவதுண்டோ?" என்றார். உண்டு என்றான். "நீ படைத்த உணவை அவர்கள் ஏற்கவில்லையேல் அது யாருக்கு உரியது?" என்றார். எனக்கே உரியது என்றான். "அவ்வாறே, நீ படைத்த வசையை நாம் ஏற்கவில்லை, அது உன்னிடமே தங்குகிறது" என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினார். வைய வந்த அவனே பின்னர்ச் சங்கத்திற் சேர்ந்தான் என்பது வரலாறு.

இக்கதையை வாலிபர் சிலர் தவறாகக் கையாள்வது உண்டு. "ஏற்காமல் இருக்கவேண்டியது அவன் கடமை, நான் சொல்லிவிட்டுப் போகிறேன்" என்பர். கெட்டுப்போன சோற்றைப் படைத்தவன், விருந்தினனைப் பார்த்து, "உனக்குச் செரிக்கும் வலிமை இல்லையே" என்று குறை கூறலாமோ? ஏற்காமை என்பது முதிர்ந்த மனத்தின் வலிமை. அதனைப் பதின்மூன்று வயதுச் சிறுவனிடம் எதிர்பார்க்க, வைதவனுக்கு யாதொரு உரிமையும் இல்லை. பகவான் படைத்தவன் பக்கமே கேள்வியைத் திருப்பினார் என்பதைக் கவனிக்க.

நம் மண்ணின் கோல்கீப்பர்

ஏளனத்தை ஏற்காது நின்றவரைக் காண வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. பீட்டர் தங்கராஜ் 1935ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்துக் குழுக்களில் ஆடிப் பின்னர் வெல்லிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்திற் சேர்ந்து, இந்தியாவின் கோல்கீப்பராக உயர்ந்தவர். செகந்திராபாத்தைச் சார்ந்த அம்முகுடாவில் 1936இல் பிறந்த துளசிதாஸ் பலராம் அவருடன் இந்தியாவுக்கு ஆடியவர். பழைய போலீஸ் பூட்ஸைக் கொண்டு சக்கிலியர் ஒருவர் தைத்துக் கொடுத்த காலணியோடு பலராம் தம் ஆட்டத்தைத் தொடங்கினார் என்பர். தொழிலைச் சொல்லி ஏசும் வாலிபர்கள், ஒலிம்பிக் வரையில் சென்ற கால்களுக்கு முதலில் காலணி தந்த கை எந்தத் தொழிலாளியின் கை என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுகள் நடந்தன. இஸ்ரேல், தைவான் நாட்டாருக்கு இந்தோனேசிய அரசு அனுமதி தரவில்லை. அதனால் அவ்விளையாட்டுகளுக்கு ஆசியப் பெயர் பொருந்துமா என்று இந்தியரான ஜி. டி. சோந்தி கேள்வி எழுப்பினார். மக்கள் சினம் இந்தியர் மேல் திரும்பியது. இந்தியத் தூதரகமும் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4ஆம் நாள் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இந்தியக் குழு இறங்கியபோது, மைதானம் நிரம்பிய பெருங்கூட்டம் ஊளையிட்டு ஏளனம் செய்தது. எதிர் நின்றதோ தென் கொரியா. முதற்சுற்றில் இந்தியாவை இரண்டு கோலால் வென்ற குழு. தலையில் தையலோடு ஜர்னைல் சிங் ஆடினார். தங்கராஜ் கோலைக் காத்தார். பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் போட, இந்தியா இரண்டுக்கு ஒன்றாக வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அப்பெருங்கூச்சலினிடையே இந்தியாவிற்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று அன்று ஆடியோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். ஹாக்கியில் இந்தியாவுக்கு மிகக் கடும் போட்டியாளர் அவர்களே! பிறர் நலம் கண்டு மகிழும் முதிதை என்னும் குணத்திற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் மைதானத்தில் வேறெங்குக் கிடைக்கும்?

அக்குழுவைப் பயிற்றியவர் ஐதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். முதலில் பள்ளி ஆசிரியராயிருந்தவர். இளைஞர்களுக்கென்று அவர் ஒரு விந்தையான பந்தயம் நடத்தி வந்தார். பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்பது அதன் விதி. இரண்டு காலும் தேற வேண்டும் என்பதே அவர் எண்ணம். நமக்கோ அதில் மற்றொரு பாடமும் தெரிகிறது. வலக்காலால் புலியாய் நிற்பவன் இடக்காலால் உதைக்கும்போது குழந்தையாய்த் தடுமாறுவான். தான் தடுமாறியதை அறிந்தவன் பிறர் தடுமாற்றத்தைப் பாட்டாகப் பாடத் துணிவானோ?

நமக்குரிய கடமை

பிறப்பையும் தொழிலையும் சொல்லி ஏசப்படுதல் எத்தகையது என்பதை நம் பாட்டன்மார் நன்கு அறிவர். அப்பெயர்களை உதறிவிட்டு மும்மணிகளைச் சரணடைந்தவர் நாம். மேற்படியில் இருப்பவன் கீழ்ப்படியில் இருப்பவனை ஏச, அவன் தனக்கும் கீழே ஒருவனைத் தேடி ஏசுவதே சாதி ஏணியின் தந்திரம். நம் பிள்ளைகள் கூவிய அன்று, அவ்வேணியின் ஒரு படியை நாமே நம் கையால் மைதானத்தில் நட்டோம். அது விளையாட்டின் பகுதி என்றால், நம்மை ஏசியவரும் அவ்வாறே சொல்லியிருப்பர்.

ஆகவே வகுப்பில் கூடி மூன்று முடிவுகள் செய்தோம். ஒன்று: பிறப்பு, தொழில், உடல், மொழி ஆகிய நான்கையும் குறித்து மைதானத்தில் ஒரு சொல்லும் கூறுவதில்லை, கூறியவனைக் குழுத்தலைவனே வெளியில் உட்கார்த்துவான். இரண்டு: எதிராளியின் நல்லாட்டத்திற்குக் கைதட்டுதல். மூன்று: மாதம் ஒருமுறை பழகாத காலால் ஆடிப் பயிலுதல்.

பிறகு பாட்டுத் தொடங்கிய பிள்ளையையும் குழுத்தலைவனையும் அழைத்துக்கொண்டு அச்சிறுவன் வீட்டிற்குச் சென்றோம். தந்தையார் எங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். "பிள்ளைங்கதானே ஐயா, போகட்டும்" என்றார். சிறுவன் கதவின் பின்னிருந்து வெளியே வரவில்லை. பாட்டுத் தொடங்கியவன் கதவை நோக்கியே மன்னிப்புக் கேட்டான். இன்றளவும் அச்சிறுவன் மைதானத்திற்குத் திரும்பவில்லை. திரும்புவதும் திரும்பாததும் அவன் விருப்பம். நம் பிள்ளைகள் அடுத்த ஆட்டத்தில் தோற்றனர். எதிர்த் தரப்பார் பாடினர். நம்மவர் ஒருவன் கண்கலங்கினான்; ஆயினும் ஒருவரும் திருப்பிப் பாடவில்லை.

வாலிபர்களே! கோப்பைக்கு உரியவர் ஆண்டுதோறும் மாறுவர். வாயினின்று போன சொல் திரும்பி வாராது. கோலைக் காக்கும் கருத்தோடு நாவையும் காப்பீராக. எல்லா உயிர்களும் இன்புற்றிருப்பனவாகுக.

சாது! சாது! சாது!