ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்கு ‘சி’ ஒயர் எதற்கு?

டெக்சாஸில் நான் குடியிருக்கும் வீட்டில் அறைகளுக்குக் குளிர்காற்றை அனுப்புவது ஏர் ஹேண்ட்லர் என்னும் பெட்டி. இதற்கு வரும் மின்சாரம் 240 வோல்ட். ஆனால் சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் இதற்குக் கட்டளை அனுப்புவது 24 வோல்ட் ஒயர்களில்தான். ஆர் மின்சாரம் வரும் வழி, சி அது திரும்பும் வழி, ஜி ஃபேன், ஒய் கம்ப்ரசர், டபிள்யூ ஹீட்டர்.

பழைய தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச் போன்றது. அதற்கு சி தேவைப்படவில்லை. புதிய வை-ஃபை தெர்மோஸ்டாட்டோ ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குத் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். எனவே பயன்படாமல் மடித்து வைக்கப்பட்டிருந்த ஒயரை இரு முனைகளிலும் சி-யில் இணைத்தேன்.

அவசரத்தில் பிரேக்கரை ஆஃப் செய்ய மறந்துவிட்டேன். ஆர் ஒயர் சி-யில் உரசியது. போர்டில் இருந்த 3 ஆம்பியர் ஃபியூஸ் போய்விட்டது. கைக்குழந்தையோடு இரவு முழுக்கப் புழுங்கினோம். என் கை 240 வோல்ட் பக்கம் போகாதது அதிர்ஷ்டமே.

நீங்கள் செய்வதானால்:

1. பிரேக்கரை ஆஃப் செய்து, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதி செய்யுங்கள்.

2. கழற்றும் முன் இணைப்புகளை மொபைலில் படம் எடுங்கள்.

3. ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். போர்டில் உள்ள எழுத்தைப் பாருங்கள்.

240 வோல்ட் வேலையை எலெக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.