அருகம்புல்லில் ஒரு கோஸ்ட் டவுன் டெஸ்ட்

ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி., அதாவது குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் தடங்கள் அங்கே இருக்கின்றன. வாகனத் துறையில் 'கோஸ்ட் டவுன்' என்று ஒரு சோதனை உண்டு. வண்டியைக் குறிப்பிட்ட வேகத்துக்குக் கொண்டுபோய் நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். அது தானாக எப்படி வேகம் குறைகிறது என்று அளந்தால், டயரும் சாலையும் காற்றும் சேர்ந்து வண்டியை எவ்வளவு இழுத்துப் பிடிக்கின்றன என்று தெரிந்துவிடும். சரிவும் காற்றும் கணக்கைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக இரண்டு திசையிலும் ஓட்டுவார்கள்.

இதே சோதனையைக் கார் இல்லாமல், புல்லின் மேல், ஒரு சின்ன வெள்ளைப் பந்தை வைத்துச் செய்கிறார்கள். அதுதான் இந்தக் கட்டுரை.

கோல்ஃப் நமக்குப் புழங்காத ஆட்டம்தான். ஆனால் சென்னையில் நந்தனத்திலும், மலைமேல் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மைதானங்கள் பல காலமாக இருக்கின்றன. குழியைச் சுற்றிக் கம்பளம் விரித்த மாதிரி வெட்டிய புல் தெரியும் இல்லையா, அதற்குப் பெயர் 'கிரீன்'. அங்கே பந்தைத் தூக்கி அடிப்பதில்லை, மெதுவாக உருட்டிவிடுவார்கள். லேசாகத் தட்டியதும் பந்து வெகுதூரம் உருண்டால் அது வேகமான கிரீன்.

வேகத்தை அளக்கும் கோல்

1935-ல் அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் போட்டி நடந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் தட்டிய பந்துகூட நிற்காமல் ஓடியதை எட்வர்ட் ஸ்டிம்ப்ஸன் என்பவர் பார்த்தார். 'கிரீன் ரொம்ப வேகம்' என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அளந்து காட்ட மரத்தில் ஒரு கருவி செய்தார். 1976-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை அலுமினியத்தில் திருத்தி அமைத்தது. இன்று அதன் பெயர் ஸ்டிம்ப்மீட்டர்.

இவ்வளவுதான் கருவி: 36 அங்குல நீளம், நடுவே 'வி' வடிவப் பள்ளம், அதில் 30 அங்குலத்தில் ஒரு சின்ன வெட்டு. வெட்டில் பந்தை வைத்து, கோலின் ஒரு முனையை மெதுவாகத் தூக்க வேண்டும். சுமார் 20 டிகிரி சாய்ந்ததும் பந்து தானாக விடுபட்டு உருளும். கையின் பலம் அதில் சேராது. அதனால் யார் தூக்கினாலும் பந்து நொடிக்குச் சுமார் 1.83 மீட்டர் வேகத்தில் புல்லைத் தொடும். மூன்று பந்து இந்தப் பக்கம், மூன்று பந்து எதிர்ப் பக்கம். சராசரியாக எத்தனை அடி ஓடியதோ அதுதான் அந்த கிரீனின் வேகம்.

இப்போ பிளஸ் டூ கணக்கு. தொடக்க வேகத்தின் வர்க்கத்தை, ஓடிய தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வேகக்குறைப்பு கிடைக்கும். அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் உருளல் தடைக் கெழு. தோராயமாக இப்படி வரும்:

8 அடி ஓடினால் 0.070
10 அடி ஓடினால் 0.056
12 அடி ஓடினால் 0.047
14 அடி ஓடினால் 0.040

ஒரகடம் அப்பல்லோ ஆலையில் தயாராவது போன்ற கார் டயருக்கு நல்ல சாலையில் இந்தக் கெழு 0.01 அளவில்தான் இருக்கும். ஆக, கிரீனை வேகமாக்குவது என்றால் புல்லின் உருளல் தடையைக் குறைப்பது. வேறு மந்திரம் எதுவும் இல்லை.

எங்கே சராசரி தப்பாகும்?

10 அடி கிரீனில் 2 சதவீதச் சரிவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பந்து 4.75 மீட்டர் ஓடும், ஏற்றத்தில் 2.25 மீட்டர். சாதாரண சராசரி 3.5 மீட்டர், அதாவது 11.5 அடி. தப்பு! சரிவு கூட்டிக் குறைப்பது வேகக்குறைப்பைத்தானே தவிர தூரத்தை அல்ல. அதனால் இங்கே இசைச் சராசரி எடுக்க வேண்டும்: இரண்டு தூரத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கணும். விடை 3.05 மீட்டர், சரியாக 10 அடி. செமஸ்டரில் 'இசைச் சராசரி எதுக்கு உதவும்?' என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

தடையைக் குறைக்கும் வழிகள்

முதலில் புல் எது என்று பார்ப்போம். வெப்பப் பகுதி கிரீன்களில் வளர்வது பெரும்பாலும் பெர்முடா வகை. அதன் தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். பிள்ளையாருக்குச் சாத்தும் நம்ம அருகம்புல்லேதான்! அதை ஆப்பிரிக்க இனம் ஒன்றோடு கலந்து, அமெரிக்காவின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் குட்டையான கலப்பினங்களை உருவாக்கினார்கள். 'டிஃப்ட்வார்ஃப்' அதில் ஒன்று.

வெட்டுவது: கத்தரிக்கோல் மாதிரி, சுழலும் உருளைக் கத்தியும் அசையாத அடிக்கத்தியும் சேர்ந்து புல்லை நறுக்கும். 1830-ல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் துணி ஆலை இயந்திரத்தைப் பார்த்து அமைத்த முறை இது. வேகமான கிரீனில் உயரம் சுமார் 3 மி.மீ. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல் வளர்ப்பவர்களின் விதி. 3 மி.மீ. வேண்டுமென்றால் 4.5 மி.மீ. தாண்டும் முன்பே வெட்டியாக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் தினமும் வெட்டுவது இதனால்தான்.

உருட்டுவது: எடை குறைந்த ரோலர் இலைகளையும் மேற்பரப்பையும் சமன் செய்யும். உயரத்தைக் குறைக்காமலே வேகம் கூடும்.

மணல் தூவுவது: மேலே மெல்லிசாக மணல் தூவித் தேய்த்தால் சின்னப் பள்ளங்கள் நிரம்பும், மெத்தென்ற பழைய வேர்ப்பின்னல் கெட்டியாகும். அவ்வப்போது துளை போட்டுக் காற்றும் உள்ளே விடுவார்கள்.

நீரும் உரமும்: ஈரம் குறைந்தால் தரை இறுகும், நைட்ரஜன் குறைந்தால் இலை மெலியும். இரண்டும் வேகத்தைக் கூட்டும்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட முறைப்படி, கிரீனுக்கு அடியில் 30 செ.மீ. மணல் கலவை, அதற்குக் கீழே 10 செ.மீ. ஜல்லி, அதற்கும் கீழே வடிகால் குழாய். நுண்துளை ஈர்ப்பால் மணல் கொஞ்சம் நீரைப் பிடித்துக்கொள்ளும், மிஞ்சினால் மட்டுமே ஜல்லிக்குள் இறங்கும். மணலின் சல்லடைப் பகுப்பாய்வு பிசகினால் மொத்த அமைப்பும் பிசகும்.

அப்போ இன்னும் வேகமாக்கலாமே?

இங்கேதான் சிக்கல். இலைதான் புல்லின் சமையலறை. இலையைக் குறைத்தால் உணவு குறையும், உணவு குறைந்தால் வேர் ஆழம் போகாது. ஆழமில்லாத வேரோடு, நீரையும் குறைத்து, மே மாத வெயிலில் நிறுத்தினால் ஒரே வாரத்தில் கிரீன் கருகலாம். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு தொல்லை: மேகமூட்டம். பெர்முடாவுக்கு நிழல் ஆகாது. அந்தச் சமயத்தில் வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றி, வேகத்தை விட்டுக்கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆட்டமும் கெடும். 4 சதவீதச் சரிவில் 8 அடி கிரீன் என்றால் இறக்கத்தில் பந்து 5.7 மீட்டர் ஓடி நின்றுவிடும். அதே சரிவில் 14 அடி கிரீன்? மேலே உள்ள பட்டியலைப் பாருங்க: தடை 0.040, சரிவும் 0.040. பந்து நிற்கவே நிற்காது. குழி வைக்க முடியாத இடமாகிவிடும்.

தண்ணீர்க் கேள்வியும் இருக்கு. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதைப் பார்த்தவர்கள் நாம். இப்போது கோயம்பேட்டில் சுத்திகரித்த கழிவுநீர் நம்ம பகுதி சிப்காட் ஆலைகளுக்கு வருகிறது. புல்லுக்கும் அப்படிப்பட்ட நீர் போதும், பெர்முடா ஓரளவு உப்பையும் தாங்கும். குடிநீரை ஊற்றி ஒரு அடி வேகம் கூட்டுவதை இந்த ஊரில் யாராலும் நியாயப்படுத்த முடியாது.

இன்னொன்றும் சொல்லணும். ஸ்டிம்ப்மீட்டரை 1978-ல் பராமரிப்பாளர்கள் கையில் கொடுத்தது, ஒரு மைதானத்தின் எல்லா கிரீனும் ஒரே வேகத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான். 'எங்க கிரீன் 12, உங்களுது எவ்வளவு?' என்று போட்டி போட அல்ல. நாளைக்கு நீங்கள் ஏதாவது ஒரு ஆலையில் சேரும்போதும் ஒரு எண்ணைக் கையில் கொடுத்து 'இதை ஏத்து' என்பார்கள். ஏற்றும் முன், அந்த எண்ணை எதற்காக அளக்க ஆரம்பித்தார்கள், அது ஏறும்போது எதன் வேர் குறைகிறது என்று இரண்டையும் கேளுங்கள்.

செய்து பார்க்க: ஒரு மீட்டர் அலுமினிய ஆங்கிள், ஒரு கோல்ஃப் பந்து, ஒரு டேப். கல்லூரி கிரிக்கெட் பிட்ச்சில் ரோலர் போடும் முன்பும் பின்பும் இரண்டு திசையிலும் உருட்டி அளந்து, இசைச் சராசரி போடுங்க. வந்த எண்ணை நம்ம இதழுக்கு அனுப்புங்க, அடுத்த மாதம் பட்டியல் போடுவோம்.